ஐந்து நாளில் ஐந்து பூங்கா: ஒரு மறுப்பு

யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைக் கண்டு திரும்பிய நம்மவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறோம். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கட்டுரையின் பிரதிகள் என்பது எங்கள் குற்றச்சாட்டு. லாஸ் வேகாஸில் இறங்குகிறார்கள். வாடகைக் கார் எடுக்கிறார்கள். முதல் நாள் ஸயான், மறுநாள் பிரைஸ், பிறகு கேப்பிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ். திரும்பும் வழியில் நேரமிருந்தால் கிராண்ட் கேன்யனுக்கும் ஒரு கும்பிடு. மொத்தத்தில் ஆயிரம் மைலைத் தாண்டிவிடும் ஓட்டம். இரவு என்ற ஒன்று இக்கட்டுரைகளில் விடுதியின் பெயராகவும் வாடகையாகவும் மட்டுமே இடம்பெறுகிறது.

இந்தத் திட்டம் பயணிகள் தாமாக வகுத்ததன்று. யூட்டாவின் சுற்றுலாத் துறை 2013-ல் இந்த ஐந்து பூங்காக்களையும் ஒரே கட்டாகக் கட்டி, 'மைட்டி ஃபைவ்' என்று பெயரிட்டு விளம்பரம் செய்தது. ஐந்து என்று எண்ணிக்கை சொல்லிவிட்டால் நான்கோடு நிற்க மனித மனம் ஒப்புவதில்லை. 2021-ல் ஸயானுக்கு மட்டும் ஐம்பது இலட்சம் வருகைகள் பதிவாயின. அதே ஆண்டில் ஆர்ச்சஸ் பூங்கா, வண்டி நிறுத்த இடமின்றிக் காலையிலேயே வாயிலை மூடிய நாட்கள் பல. 2022-ல் அங்கு நேர முன்பதிவு முறை புகுத்தப்பட்டது. ஸயானின் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏறக் குலுக்கல் முறையில் அனுமதி என்பதும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆர்ச்சஸில் காவலராகப் பணியாற்றிய எட்வர்ட் ஆபி, தேசியப் பூங்காக்களுக்குள் கார்களே கூடாது என்று தமது 'டெஸர்ட் சாலிட்டேர்' நூலில் 1968-லேயே வாதிட்டார். அவரைக் கிறுக்கர் என்றவர்கள் உண்டு. ஆனால் ஸயான் பள்ளத்தாக்குச் சாலையில் நெரிசல் மிக்க காலத்தில் காரை விலக்கிப் பேருந்து விடும் ஏற்பாடு 2000-ல் தொடங்கியபோது, அந்தக் கிறுக்கின் ஒரு பாதி அரசாங்க நடைமுறையாகிவிட்டது.

கூட்டத்தைக் குறை கூறுவது எளிது. கூட்டத்தில் நாமும் அடக்கம். எங்கள் சண்டை திட்டமிடும் முறையோடு. எல்லோரும் விடுமுறை அட்டவணையை முதலில் விரிக்கிறார்கள். மே மாத இறுதியின் நீண்ட வார இறுதி, ஜூலை நான்கு, செப்டம்பர் தொழிலாளர் தினம், நவம்பரின் நன்றி நவிலல் நாள். முதலில் பார்க்க வேண்டியது சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை என்றைக்கு என்பதை. இம்மண்ணில் பகலில் காணக் கிடைப்பது பாதிதான். மனித குலத்தில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல், வட அமெரிக்கரில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர், தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர்கள் என்று 2016-ல் வெளியான ஒளி மாசு வரைபடம் கணக்கிட்டது. அக்குறை தீரும் இடத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுச் சென்று, பத்து மணிக்குத் திரையை இழுத்து மூடிக்கொண்டு உறங்கிவிட்டுத் திரும்புவதை என்னவென்பது?

உலகின் முதல் பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக 2007-ல் அறிவிக்கப்பட்டது நேச்சுரல் பிரிட்ஜஸ். அதுவும் யூட்டாவில்தான் இருக்கிறது. தேசியப் பூங்கா என்ற பட்டம் அதற்கு இல்லை, தேசிய நினைவிடம் மட்டுமே. ஆகவே ஐவர் பட்டியலில் இடமில்லை. ஓவாச்சோமோ என்னும் கல்பாலத்தின் அடியில் நின்று, அதன் மேலாகப் பால்வீதி எழுவதைக் காண்பதற்கு ஈடாக அந்த ஐந்தில் இரண்டைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்பது எங்கள் துணிபு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடமாகும். ஒரு கைப்பேசித் திரை அத்தனையையும் நொடியில் அழித்துவிடும். மங்கலான சிவப்பு விளக்கு மட்டுமே கண்ணைக் கெடுப்பதில்லை. மே, ஜூன், செப்டம்பர் மாத அமாவாசைகளை ஒட்டிய இரவுகள் உத்தமம். ஜூலை நடுவிலிருந்து பருவமழை மேகங்கள் குறுக்கிடும். நவம்பரிலோ பால்வீதியின் நடுப்பகுதி பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே இறங்கிவிடும். பௌர்ணமியைப் பழிப்பதாக எண்ண வேண்டாம். நிலவொளியில் பிரைஸின் கல்தூண்கள் வேறொரு காட்சி.

தெற்கே தாழ்ந்து, தேளின் கொடுக்காக வளைந்து கிடப்பது மூலம். அதன் செந்நிற நெஞ்சு கேட்டை. ஜாதகக் கட்டத்தில் இவற்றை வைத்துப் பெண்ணை வேண்டாமென்று சொல்லத் தெரிந்த நமக்கு, வானத்தில் இவை எங்கே என்று சுட்டத் தெரியாது.

எங்கள் வாதத்துக்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்றுதான்: "அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து ஒரே ஒரு முறை வந்திருக்கிறார்கள். மறுபடி வருவார்களோ மாட்டார்களோ. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டாமா?" இதைக் கேட்டு நாங்கள் வாயடைத்ததுண்டு. ஆயினும் எழுபது வயதில் முழங்கால் வலியோடு நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் காரில் மடங்கியிருந்து, காட்சிமுனைகளில் பத்துப் பத்து நிமிடம் இறங்கி ஏறுவது யாருக்குக் காட்டுவது? அவர்கள் நினைவில் நிற்பது சீட்பெல்ட். விண்மீன் பார்க்க முழங்கால் வேண்டியதில்லை. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு கம்பளி, குடுவையில் காபி போதும். பிரைஸின் விளிம்பு எட்டாயிரம் அடிக்கு மேல். கோடையிலும் இரவு குளிரும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். சிறு வயதில் மின்விளக்கு வராத ஊரில் வளர்ந்தவர்கள் அவர்கள். இவ்வானம் நமக்குத்தான் புதிது.

அவசரம் இங்கே அழகுணர்ச்சிக் குறைவோடு முடிவதில்லை. 1997 ஆகஸ்டில், கண்ணுக்கெட்டாத தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் புகுந்து பதினொரு பேரை மாய்த்தது. 2015 செப்டம்பரில் ஸயானின் கீஹோல் பள்ளத்தாக்கில் எழுவர் மாண்டனர். "இன்றைக்கு விட்டால் வேறு நாளில்லை" என்ற பயணத்திட்டத்தோடு செல்பவர் வானிலை எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பாரா? ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குபவர் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட முடியும். பாதையோரம் கறுத்த பொருக்குப்போல் கிடக்கும் மண்ணும் அப்படித்தான். அது நுண்ணுயிர்களால் ஆன உயிருள்ள மேல்தோல். படம் எடுக்க ஓர் அடி விலகி வைத்த கால்தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஆகவே எங்கள் திட்டம் இது: இரண்டே இடங்கள், இடத்துக்கு மூன்று இரவுகள், அமாவாசையை நடுவில் வைத்து. நேச்சுரல் பிரிட்ஜஸில் பதின்மூன்றே கூடாரத் தளங்கள், முந்தி வருபவர்க்கே இடம். ஆதலால் நண்பகலுக்குள் போய்ச் சேருங்கள். அருகிலுள்ள ஊரான பிளாண்டிங் நாற்பது மைலுக்கு அப்பால். பெட்ரோலும் தண்ணீரும் சாப்பாடும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.