கடலிற் சேரும் நீர் வீணா?

கோடையிற் கிணறு வற்றும்போதெல்லாம் பாவூர்சத்திரத்துக் குடியானவர்கள் ஒரு வார்த்தை சொல்வதுண்டு: "தாம்பிரபர்ணி ஜலம் அத்தனையும் வீணாய்க் கடலிற் போய் விழுகிறது." கிராம சபையிலும் இதையே சொல்கிறார்கள், உத்தியோகஸ்தர்களும் தலையசைத்துவிடுகிறார்கள். இவ்வபிப்பிராயத்திற் பாதி உண்மை. மற்றப் பாதி கடற்கரைக் குடிகளுக்குக் கேடு விளைவிக்கக் கூடியது.

குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறு, தென்காசி வழியே கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாம்பிரபர்ணியோடு கூடுகிறது. கூடிய ஆறு மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைக் கடந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. பாவூர்சத்திரத்து நிலங்களின் வடிகாலும் இப்படுகையைச் சேர்ந்ததே. வயலை அரித்துச் செல்லும் வண்டலும், கத்தரிக்கும் தக்காளிக்கும் அளவு மீறித் தெளித்த மருந்தின் மிச்சமும் அந்தத் திசையிலேதான் போகின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டெழுதிய காயல் துறைமுகம், ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் ஒதுங்கிப்போக, இன்று பழையகாயல் என்னும் உள்நாட்டுக் கிராமமாக இருக்கிறது.

கழிமுகத்தில் நன்னீரும் உப்புநீரும் கலக்கின்றன. அங்கே அலையாத்தி மரங்கள் வேரூன்றிக் கரையைக் காக்கின்றன. கடலிற் பிறந்த இறாற்குஞ்சுகள் அவ்வேர்களினிடையே வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. நன்னீர் வரவு நின்றால் இவையிரண்டும் நலிவடையும். இதனினும் முக்கியமானது நிலத்தடியில் நடப்பது. உப்புநீர் கனமானது, நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும். 2023ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் நிற்பது இவ்வாற்றின் கடைமடையிலேதான். உப்பேறிய கிணற்று நீரில் வெற்றிலைக்கொடி பிழைப்பது அரிது.

அப்படியானால் மேட்டு நாட்டார் நீரைத் தேக்கக் கூடாதோ எனில், அவ்வாறன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிற் காயல்பட்டினத்தில் ஒரே நாளிற் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கிற்று. அத்தகைய வெள்ளம் இரண்டு நாளிற் கடலுக்கு ஓடிவிடுவதே மெய்யான நஷ்டம். அதில் ஒரு பகுதியைக் குளங்களில் நிறுத்தினால் அது மண்ணிற் கசிந்து முதலிற் கிணறுகளுக்கும், பின்னர் ஓடைகள் வழியே ஆற்றுக்கும் மெல்லச் சேரும். கழிமுகத்துக்கு வேண்டுவதும் இந்த மெல்லிய வரவே. ஆகையாற் குளத்தில் தேக்குவது வேறு; ஆழ்துளைக் கிணறிட்டு இரவும் பகலும் இறைத்துத் தீர்ப்பது வேறு. மின்சாரம் இலவசமென்பதால் மோட்டாரை நிறுத்த மறப்பவர் நம்மிற் பலருண்டு.

பாவூர்சத்திரத்துக்குச் சாரற் காற்றிற் குறைவில்லை. கிணறு நிறைவதோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையாலே. எனவே வரத்துக்கால்களிலுள்ள சீமைக்கருவேலை வெட்டுவதும், மடை, கலுங்கு பழுதுபார்ப்பதும் புரட்டாசிக்குள் முடியவேண்டும். தூர்ந்த குளத்து வண்டலை உரிய அனுமதியுடன் வயலுக்கு அடிக்கலாம். 2017இல் அரசாங்கம் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடமே வேலை ஒப்படைக்கப்பட்டது. அப்பொறுப்பை நிலமுடையோர் குத்தகைக்காரரிடம் தள்ளிவிடலாகாது. காய்கறிக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்க்கு 75 சதவிகிதமும் உண்டு. இருந்தும் வாய்க்காற் பாய்ச்சலை விடாதவர்கள், பக்கத்துத் தோட்டத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது.

மார்ச் 22ஆம் தேதிக் கிராம சபையில், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தையும் நாலைந்து கிணறுகளின் ஆழத்தையும் சபையறிய வாசிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளையும் ஆயக்கட்டுதாரர் சிலரையும் ஒரு முறை புன்னைக்காயலுக்கு அழைத்துச் செல்வது அதனினும் பயன்தரும். காலையிற் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். வழியில் ஆத்தூரில் இறங்கி, கொடிக்கால் வைத்திருப்பவர்களிடம் அவர்கள் கிணற்று நீரை வாங்கிச் சுவைத்துப் பார்க்கட்டும்.