மனா பனிச்சரிவை சாட்டிலைட் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாதா? ரேடார் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

2025 பிப்ரவரி 28, அதிகாலை. உத்தராகண்டில் பத்ரிநாத்தைத் தாண்டி இருக்கும் மனா கிராமம் அருகே, எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்கள் தங்கியிருந்த கன்டெய்னர்கள் மீது பனிச்சரிவு விழுந்தது. சிக்கியது 54 பேர். 46 பேர் மீட்கப்பட்டார்கள், 8 பேர் இறந்துவிட்டார்கள்.

இத்தனை சாட்டிலைட் மேலே சுத்துதே, ஒண்ணுகூடவா சொல்லல? நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு விஷயம். எச்சரிக்கையே இல்லாமல் நடந்த விபத்து இல்லை இது. பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கும் டிஜிஆர்இ என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், முந்தைய நாள் மாலையே சமோலி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது. ஆனால் அது மாவட்ட அளவிலான எச்சரிக்கை. எந்த மலைச்சரிவில், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்காது.

சரி, ரேடார் என்னதான் செய்யும்?

பனிச்சரிவு பெரும்பாலும் பனி கொட்டும்போதோ, கொட்டி முடித்த உடனேயோதான் வரும். அப்போது வானம் முழுக்க மேகம். சாதாரண கேமரா வைத்த சாட்டிலைட்டுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. ரேடார் அலைக்கு மேகமும் தடையில்லை, இருட்டும் தடையில்லை.

மழையில் நனைந்த தார் ரோட்டில் பைக் ஹெட்லைட் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் முன்பக்கமாக வழுக்கிப் போய்விடும், ரோடு கறுப்பாகவே தெரியும். அதே வெளிச்சம் ஓரத்தில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலில் பட்டால் நம் பக்கம் திரும்பி வரும். கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும். கலையாத பனிப்பரப்பில் இருந்து திரும்பும் சிக்னல் குறைவு. சரிந்து விழுந்த பனியோ கட்டிகட்டியாக, கரடுமுரடாகக் கிடக்கும். சிக்னல் கூடுதலாகத் திரும்பும். ஒரே பாதையில் எடுத்த முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், புதிதாகப் பளிச்சென்று தெரியும் இடம் பனிச்சரிவு விழுந்த இடமாக இருக்கலாம்.

2014-ல் ஐரோப்பா ஏவிய சென்டினல்-1 சாட்டிலைட்டின் படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதை வைத்து நார்வே, கம்ப்யூட்டரே தானாகப் பனிச்சரிவுகளைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கி, தன் எச்சரிக்கை சேவையிலும் பயன்படுத்துகிறது. ஆளே போகாத பள்ளத்தாக்கில் விழுந்ததும் கணக்கில் வந்துவிடும்.

அப்போ ஏன் மனாவில் உதவல?

கவனித்தீர்களா, இவ்வளவும் விழுந்த பிறகு நடப்பது. விழப்போவதை ரேடார் படம் சொல்லாது. மீட்புக்கும் நேரடியாக உதவாது. புதைந்தவருக்கு நிமிடங்கள்தான் அவகாசம். ஒரு சென்டினல்-1 அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். மனாவில் மீட்புக் குழு பயன்படுத்திய தரை ஊடுருவும் ரேடார் வேறு கருவி, அது வானத்தில் இருப்பது இல்லை.

இமயமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரேடார் சாய்வாகப் பார்ப்பதால், செங்குத்தான மலைகளில் ஒரு பக்கம் நிழலில் மறைந்துவிடும், இன்னொரு பக்கம் படத்தில் மடிந்து போகும். சின்னச் சரிவுகள் தெரியவே தெரியாது. பனி உருகி ஈரமானாலும் சிக்னல் குழம்பும்.

பிறகு எதுக்கு இது? எந்தச் சரிவு வருஷா வருஷம் விழுகிறது, பனி எதுவரை ஓடி வருகிறது என்ற வரலாறு இதில் கிடைக்கும். கன்டெய்னரை எங்கே வைக்கக்கூடாது என்று முடிவு செய்ய, மாவட்ட அளவிலான எச்சரிக்கையை விட இந்த மேப்தான் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த முகாம் புதைந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 4 பேர் நம் ஊர்க்காரர்கள்.

2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட இஸ்ரோ-நாசாவின் நிசாரும் ரேடார் சாட்டிலைட்தான். 12 நாளில் பூமியின் நிலப்பரப்பை இரண்டு முறை படம் எடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. அந்தத் தரவும் இலவசம்.