ஒரே ஊர், வேற வருஷம்!
2017-ல் வந்த ஜெர்மன் தொடர் ‘டார்க்’கை நெட்ஃப்ளிக்ஸில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். 2019-ல் காணாமல் போகும் சிறுவன் மிக்கேல், குகை வழியாக 1986-க்குப் போய்விடுகிறான். அதே விண்டன் ஊர், அதே வீடு. ஓடிப்போய் நின்றால், எதிரே டீன் ஏஜில் அவன் அப்பாவும் அம்மாவும்! அவர்களுக்கோ இவன் யாரோ ஒரு பொடியன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இந்தப் பக்கம் போலீஸ்கார அப்பா உல்ரிச், காட்டிலும் குகையிலும் தேடி அலைகிறார். தம்பியையும் 1986-ல் இப்படித்தான் தொலைத்தவர், பாவம். பிள்ளை ஊரைவிட்டே போகவில்லை. நடுவில் 33 வருஷம், அவ்வளவுதான்.

விஞ்ஞானத்தைவிட உறவுமுறைதான் தலைசுற்ற வைக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கம் வம்சாவளி போட்டுக்கொண்டே பாருங்கள். மொத்தம் மூன்று சீஸன், 26 எபிசோடு. பெரியவர்களுக்கான தொடர், குழந்தைகள் தூங்கட்டும். நான் இரண்டாவது தாளில் இருக்கிறேன்.