சிலையடியில் இரு பெயர்கள்

பிரான்ஸ் தேசத்தின் தென்கடலோரத்தில், கான்யே-சுர்-மேர் என்னும் ஊரின் லே கொலேத் தோட்டத்தில், முதிர்ந்த ஒலிவ மரங்களுக்கிடையே, புராணத்து இளவரசன் பாரிஸ் அளித்த கனியை ஒரு கரத்திலும் வஸ்திரத்தை மறு கரத்திலும் ஏந்தி, வெண்கலத்தில் வார்க்கப்பட்ட வீனஸ் தேவி நிற்கிறாள். அந்த மரங்களைக் கோடரிக்கு இரையாகாமல் காக்கவென்றே ஓவியர் ரெனுவார் 1907-இல் அந்நிலத்தை வாங்கினார். அவர் வாழ்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. 'வீனஸ் விக்ட்ரிக்ஸ்' என்ற அச்சிலையை ரெனுவார் ஒருவரின் சிருஷ்டியாகச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முடக்குவாதம் முற்றி, விரல்கள் மடங்கி, களிமண்ணைப் பிசையும் சக்தியை இழந்துவிட்ட அம்முதியவருக்குச் சிற்பத்தில் ஆசையைத் தூண்டிய கலை வியாபாரி வொல்லார், சிற்பி மாயோலிடம் பணியாற்றிய ரிஷார் கினோ என்ற கத்தலான் இளைஞரை 1913-இல் அவரிடம் சேர்த்துவைத்தார். 1918 வரை இருவரும் கூடி உழைத்தனர். ரெனுவார் கோலால் சுட்டிக் காட்டுவார். கினோவின் கைகள் களிமண்ணில் உருவத்தை எழுப்பும்.

கற்பனை ரெனுவாருடையது, கினோ ஏவலுக்குப் பணிந்த கருவியே என வாதிப்போர் உண்டு. தேவியின் வடிவம் ரெனுவாரின் ஓவியங்களிலிருந்து பிறந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும், சொல்லால் உணர்த்திய ஒரு வளைவைக் களிமண்ணில் எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிப்பது, தோளின் பாரத்தை இடையில் எங்ஙனம் இறக்குவது என்பனவற்றையெல்லாம் கணந்தோறும் நிர்ணயித்தவை கினோவின் விரல்களல்லவா? அந்த நிர்ணயங்களை நீக்கிவிட்டால் சிற்பம் என்று மிஞ்சுவது யாது?

கினோ 1965-இல் நியாயஸ்தலத்தை நாடினார். இருவர் கூடிச் செய்த சிற்பங்களில் சில நிலைகளும் முகபாவங்களும் ரெனுவார் ஆணையிட்டவை அல்ல, அவர் ஏற்றுக்கொண்டவை மட்டுமே என்று கண்ட நீதிபதிகள், கினோவை இணை ஆசிரியர் என்று அங்கீகரித்தனர். பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது 1973 நவம்பரில். கினோவோ அவ்வாண்டின் தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். தாமதித்து வந்த நீதியைப் பெயர்ப்பலகையிலும் நிறைவேற்றாதிருப்பது பெரும் அநியாயம்.

ஆகையால், லே கொலேத்திலாயினும், மற்றொரு வார்ப்பைக் கொண்டுள்ள லண்டன் டேட் காட்சிசாலையிலாயினும், இத்தேவியின் பெயர்ப்பலகையில் ரெனுவாரும் கினோவும் ஒரே வரியில், ஒரே அளவான எழுத்தில் இடம்பெற வேண்டும். இச்சிலைகளை விலை கூறும் ஏல நிலையங்களின் பட்டியல்களுக்கும் அவ்விதியே செல்லும்.