கப்பலடியில் இடுப்பளவு நீர்

இலங்கையின் கற்பிட்டிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை காற்று ஓயாது. கைட் சர்ஃபிங் பழக எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அங்குள்ள கப்பலடிக் களப்பில் பெரிய அலை இல்லை. பல இடங்களில் நீர் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நிற்கலாம். அந்த நீர் யாரைவிடவும் அதிகமாகத் தேவைப்படுவது பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு.

இந்தப் பிள்ளைகளின் மூளைப் பாதிப்பு வளர்வதில்லை. தசைகளோ வயது ஏற ஏற இறுகுகின்றன. குதிகால் தரையைத் தொட மறுக்கிறது. அந்தக் காலை நாள்தோறும் நீட்டி மடக்கிவிடும் தாய்க்கும் வலி, அழும் பிள்ளைக்கும் வலி.

நீருக்குள் நிலைமை வேறு. இடுப்பளவில் கால் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறையப் பாதி. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீரில் இறுக்கமும் தளரும். நீச்சல் பாதிப்பைக் குணமாக்காது, தரைப் பயிற்சிக்கு மாற்றும் அல்ல. ஆனால் பிள்ளை விரும்பிச் செய்யும் பயிற்சி வேறு எது?

இதற்கென்றே ஒரு முறையை 1949இல் லண்டன் ஹாலிவிக் பள்ளியில் ஜேம்ஸ் மெக்மில்லன் தொடங்கினார். மிதவை கிடையாது, ஒரு பிள்ளைக்கு ஒரு துணையாளர். தொடக்கப் பாடங்களில் ஒன்று ஊதுவது. வாய் நீரைத் தொட்டதும் இழுக்காமல் ஊத வேண்டும், குமிழி வர வேண்டும். பிறகு மல்லாந்து மிதப்பது, தலையை முன்னே கொண்டுவந்து தானே நிமிர்வது. துணையாளரின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கடைசியில் அவர் கை நீருக்கடியில், பிள்ளையைத் தொடாமல் காத்திருக்கும்.

கப்பலடியில் பங்குனி, சித்திரையில் காற்று அடங்கும், கடல் நீர் நன்றாகச் சூடேறியிருக்கும். கைட் சர்ஃபிங் பயிற்சியாளர்களுக்கு வேலை குறைந்த காலமும் அதுதான். மாவட்ட வைத்தியசாலைகளின் இயன்மருத்துவர்கள் இந்த முறையில் அவர்களைப் பழக்கினால் என்ன? கவனம் கட்டாயம்: இப்பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வலிப்பும் உண்டு. இறால் பண்ணைக் கழிவு சேரும் இடங்களைத் தவிர்த்து, நீரைப் பரிசோதித்தே இறங்க வேண்டும்.

நீர்வரை போகப் பாதையும் வேண்டும். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கென 263 மீற்றர் மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். இங்கே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அவர்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றும்விட்டது. கப்பலடிக்கு அத்தனை நீளமான பாதை தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து ஒரு தாய் சுடுமணலில் நடக்கும் அந்தத் தூரத்துக்கு மட்டும் பலகை போட்டால் போதும். இந்தப் பங்குனிக்கு முன்பே போட்டுவிடலாம்.