முதலில் பதிவைக் கேளுங்கள், மன்னிப்பைப் பிறகு பார்க்கலாம்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள சில கல்லூரிகளின் இணையவழிப் பாடத் தளங்களைப் பராமரிப்பது என் தொழிலில் ஒரு பெரிய பங்கு. மூடில், கான்வாஸ் என்று நீங்கள் தினமும் திறக்கும் தளங்கள்தான். அசைன்மென்ட் போகவில்லை என்று மாணவர்கள் அனுப்பும் முறைப்பாடுகள் கடைசியில் என் மேசைக்கு வரும். (அசைன்மென்டுக்கு ‘ஒப்படை’ என்று இலங்கைப் பாடசாலைகளில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அம்மா அதைத்தான் சொல்வார். உங்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது என்பதால் நான் அசைன்மென்ட் என்றே எழுதுகிறேன்.)

இத்தனை வருடம் வாசித்ததில் ஒரு விஷயம் உறுத்துகிறது. தமிழ்ப் பெயரோடு வரும் முறைப்பாடுகளில் முறைப்பாடே இருப்பதில்லை. ‘மன்னிக்கவும், என் பிழைதான், இனி இப்படி நடக்காது’ என்று மூன்று வரி இருக்கும். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, திரையில் என்ன வந்தது என்று ஒரு சொல்லும் இராது. இதைவிட மோசம், எதையும் எழுதாமலே விடுகிறவர்கள். தவணை பாதி போன பிறகு வேறு ஏதோ அலுவலுக்காகப் பதிவுகளைப் புரட்டும்போதுதான் அவர்களுடைய பூச்சியம் கண்ணில் படும்.

ஒரு தாதியியல் மாணவியின் கதை இது. மொத்தப் புள்ளியில் 15 சதவீதம் பெறுமதியான கட்டுரை, பூச்சியம். அவரும் மன்னிப்புத்தான் கேட்டிருந்தார், வேறொன்றும் கேட்கவில்லை. தளத்தின் பதிவைத் திறந்தால், கெடு முடிய மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போதே, இரவு 8:40க்குக் கோப்பு முழுதாக வந்து சேர்ந்திருக்கிறது. நிலை மட்டும் ‘வரைவு, சமர்ப்பிக்கப்படவில்லை’.

மூடிலில் ஆசிரியர் தெரிவு செய்யக்கூடிய ஓர் அமைப்பு இருக்கிறது: மாணவர் ‘சமர்ப்பி’ பட்டனைத் தனியாக அழுத்த வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று வைத்தால், கோப்பை ஏற்றிச் சேமித்த பிறகு இன்னொரு பட்டன் இருக்கும். அதை அழுத்தாவிட்டால் கோப்பு வரைவாகவே கிடக்கும். உங்கள் திரையில் கோப்பின் பெயர் அழகாகத் தெரியும், நீங்கள் மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். ஒரே கல்லூரியில் ஒரு பாடத்தில் அந்தப் பட்டன் இருக்கும், அடுத்த பாடத்தில் இராது. நான்கு பாடம் படிக்கிற பிள்ளை எதை நினைவில் வைப்பது? ஆசிரியரால் அந்த வரைவைத் திறந்து வாசிக்க முடியும், அது வந்த நேரத்தையும் பார்க்க முடியும். அந்த மாணவியின் பாடப் பொறுப்பாளருக்குப் பதிவைக் காட்டியதும் கட்டுரை திருத்தப்பட்டது. ஐந்து நிமிட வேலை. ஆனால் கேட்டால்தான் அந்த ஐந்து நிமிடம் கிடைக்கும்.

என் கருத்து இதுதான்: ‘பிந்திவிட்டது’ என்று திரை சொல்லும்போது அது உங்கள் ஒழுக்கத்துக்குப் புள்ளி போடவில்லை. யாரோ ஓர் அமைப்புப் பக்கத்தில் தெரிவு செய்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறது. அந்தத் தெரிவு பொருத்தமானதுதானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

திகதியை எடுங்கள். மூடிலில் புதிதாக ஓர் அசைன்மென்ட் போட்டால், கெடு நேரம் தானாகவே 00:00 என்று வரும். ஆசிரியர் மாற்ற மறந்தால் ‘வெள்ளி 00:00’ என்று நிற்கும். அது வெள்ளி தொடங்கும் கணம், அதாவது வியாழன் இரவு. வகுப்பில் ‘வெள்ளிக்குள் தாருங்கள்’ என்று சொன்னதை நம்பியவர் வெள்ளி மாலை அனுப்பினால் சிவப்பில் ‘பிந்தியது’ என்று விழும். இதோடு, கெடுத் திகதி என்பது ஒன்று, அடைப்புத் திகதி என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பிறகும் தளம் கோப்பை வாங்கும், பிந்தியது என்று குறிக்கும், அவ்வளவுதான். இரண்டாவது வந்தால்தான் கதவு மூடும். இந்த இரண்டையும் ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டு, ‘தளம் வாங்கவில்லை, நான் என்ன செய்ய?’ என்று கேட்கும் ஆசிரியர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு ஓர் இடைச்செருகல். ரொறன்ரோவில் கோடைகாலத்தில் இரவு 11:59 என்றால் அங்கே மறுநாள் காலை 9:29. நவம்பரில் இங்கே மணிக்கூட்டை மாற்றிய பிறகு அது 10:29. தளத்தில் உங்கள் சுயவிபரப் பக்கத்தில் நேர வலயம் என்று ஒரு வரி இருக்கும், போக முன் அதைப் பாருங்கள்.

கோப்புகளின் சங்கதி நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். கணினியில் உள்ள கூகுள் டிரைவ் கோப்புறையிலிருந்து இழுத்துப் போட்டால், சில வேளை கட்டுரை போகாது, கட்டுரை இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு குட்டிக் கோப்புத்தான் போகும். கையால் எழுதிப் படம் பிடித்த பி.டி.எஃப்பில் எழுத்து என்று எதுவும் இராது, ஆகவே டேர்னிட்டின் அதை ஏற்காது. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள்.

‘முதலே செய்து வைத்திருக்கலாமே’ என்று அம்மா அப்பா சொல்வார்கள். சரியான பேச்சுத்தான், 11:58க்கு அனுப்புவது நல்ல பழக்கம் இல்லை. ஆனால் 11:59 என்று கெடு போட்டவர்கள் 11:58ஐயும் உங்களுக்குத் தந்திருக்கிறார்கள். முதலே செய்தவர்களும் மாட்டுப்பட்ட ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனாவினால் ஏ.பி. பரீட்சைகள் வீட்டிலிருந்தே நடந்தன. விடையைக் கையால் எழுதியவர்கள் ஃபோனில் படமெடுத்து ஏற்ற வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம். ஐஃபோன்கள் பல, படங்களை ஹெச்.ஈ.ஐ.சி. என்ற வடிவில் சேமிப்பவை. பரீட்சைத் தளம் அதை வாங்கவில்லை. எழுதி முடித்த பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டே நேரத்தை இழந்தார்கள். 99 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிரச்சினையின்றி அனுப்பினார்கள் என்றது கொலிஜ் போர்ட். மிச்சப் பேருக்கு ஜூனில் மறுபடி எழுது என்பதுதான் வழி. மாணவர்களும் பெற்றோரும் விடவில்லை, சத்தம் போட்டார்கள், வழக்கும் தொடர்ந்தார்கள். இரண்டாவது வாரமே, ஏற்ற முடியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று ஒரு மாற்று வழி திறந்தது. முதல் வாரம் எழுதியவர்களுக்கு அது பொருந்தவில்லை என்பதுதான் கொடுமை. முதல் நாளே வைத்திருக்கக்கூடிய வழி அது. கேட்ட பிறகுதான் வந்தது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் என்னைப் போன்றவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பாடக் குறியீடு, அசைன்மென்டின் பெயர், நீங்கள் முயன்ற நேரம், எந்தக் கருவி, எந்த உலாவி, திரையில் வந்த வசனம் அப்படியே, முடிந்தால் அதன் படம். கோப்பைத் திரும்பத் திறந்து திருத்தாதீர்கள். வேர்டை வன்ட்ரைவில் அல்லது கூகுள் டொக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாறு இருக்கும், கடைசியாக எப்போது கை வைத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. அதே கோப்பை ஆசிரியருக்கு உடனே மின்னஞ்சலில் அனுப்புங்கள், நேரம் பதிந்துவிடும். அன்றைக்கே எழுதுங்கள். சில நிறுவனங்கள் பதிவுகளைக் குறிப்பிட்ட நாட்களின் பின் அழித்துவிடும், அழிந்த பிறகு உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும்தான் மிஞ்சும்.

வீட்டில் ஒரு பொறியியலாளர் மாமா இருந்தால் இதையெல்லாம் அவர் சொல்லித் தருவார், கடிதத்தையும் எழுதித் தருவார். இல்லாத பிள்ளைக்கு யார்? பிழை எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் வருகிறது, புள்ளி மட்டும் கேட்கத் தெரிந்தவருக்குத் திரும்பிப் போகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே உங்கள் மாணவர் சங்கத்தில் யாராவது இருந்தால், தவணை தொடங்க முன் பாடப் பொறுப்பாளரிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: ‘சமர்ப்பி’ பட்டன் எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும், அடைப்புத் திகதி கெடுவிலிருந்து ஒரு நாளாவது தள்ளி இருக்கட்டும். மூடில் திறந்த மூல மென்பொருள், அதன் ஆவணங்கள் யாரும் வாசிக்கப் பொதுவில் கிடக்கின்றன. ‘தளத்தில் அப்படிச் செய்ய முடியாது’ என்று பதில் வந்தால், அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டு போங்கள்.