அழுதோம், அருகில் போகவில்லை

2009 ஏப்ரல் 8. இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டம் அம்பலவன்பொக்கணையில், பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கத் தாய்மார் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின் மேல் எறிகணை விழுந்தது. இறந்துகிடந்த சில தாய்மாரின் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்ததாக, 2011-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. அது நடந்து பத்து நாளில் தென்னாப்பிரிக்காவில் ஐபிஎல் தொடங்கியது. செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் நாம் கண் விழித்து ஆட்டம் பார்த்தோம். மே 13 அன்று ஓட்டுப் போட்டோம். 16 அன்று முடிவுகளைப் பார்த்தோம். 18 அன்று முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

தெரியாமல் இருந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை. அந்த ஜனவரி 29 அன்றே, ஈழத்தில் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து இறந்திருந்தார். சுவரெல்லாம் சுவரொட்டி, தெருவெல்லாம் கூட்டம். நாமும் போனோம், முழக்கமிட்டோம், அழுதோம். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால், ‘ஈழம்’ என்ற பெரிய துயரத்துக்காக அழுத நாம், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்று ராத்திரி என்ன பொங்குவது என்று தவித்த ஒருத்தியைத் தனியாக நினைத்துப் பார்க்கவில்லை. மொத்தமாக அழுவது நமக்குச் சுலபமாக இருந்தது. ஒருத்தியை நினைத்தால் அவளுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே!

அவள் பட்டது என்ன? மன்னார்ப் பக்கத்திலிருந்து கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று மாதக்கணக்கில் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். போன இடத்திலெல்லாம் முதல் வேலை பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டுவது. ஆண் துணை இல்லாத குடும்பத்தில் அதையும் அவளே வெட்டினாள். கடற்கரை மணல் சரிந்து விழாமல் இருக்கச் சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்து மண் நிரப்பி அடுக்கினார்கள். கல்யாணப் பட்டும் அதில் போனது. 2008 செப்டம்பரில் உதவி நிறுவனங்கள் வன்னியைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அதன் பிறகு கிடைத்த அரிசியில் உப்பைப் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தது. அந்தக் கஞ்சியை இன்றும் ஒவ்வொரு மே மாதமும் அங்கே காய்ச்சிப் பகிர்கிறார்கள்.

போர் ஓய்ந்தது, அவள் பாடு ஓயவில்லை. மெனிக் பாம் முகாமின் முள்வேலிக்குள் லட்சக்கணக்கானவர்களில் ஒருத்தியாக இருந்தாள். கணவனை இழந்த பெண்கள் கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என்று 2010-இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவரே கணக்குச் சொன்னார். கோழி வளர்க்கவும் தையல் மெஷின் வாங்கவும் நுண்கடன் எடுத்த பல பெண்கள், வாராவாரம் வாசலில் வந்து நின்ற வசூல்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒடுங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் ஓடின, தேடிக்கொண்டே கண்மூடியவர்களும் உண்டு. அப்போதெல்லாம் நாம் எங்கே இருந்தோம்? நினைவு நாளில் மெழுகுவத்தி ஏற்றினோம். மறுநாள் மறந்தோம். தமிழ்க்கவி தானே வாழ்ந்து கடந்த நாட்களை ‘ஊழிக்காலம்’ என்று நாவலாக எழுதி 2013-லேயே நம் கையில் கொடுத்தார். ஈழம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம் வீடுகளில் எத்தனை வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறது?

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு என்ன செய்தோம்? 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரத்தில் கரையேறினார்கள். முதலில் சோறு போட்டோம், துணி கொடுத்தோம். 1991 மே 21 அன்று, அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டு வெடித்த பிறகு நம் முகம் மாறியது. செய்தவர்கள் யார், இவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்கிற சிரமம்கூட நமக்கு வேண்டாம் என்றிருந்தது. பேச்சில் இலங்கைத் தமிழ் தெரிந்தாலே வீடு வாடகைக்கு இல்லை என்றோம்.

செங்கல்பட்டு கிளைச்சிறை வளாகத்தில் ஈழத்தமிழர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம் பல ஆண்டுகள் இருந்தது. எங்களைக் குடும்பத்தோடு சேர்த்து வையுங்கள் என்று உள்ளே இருந்தவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கணவன் உள்ளே, மனைவி பிள்ளைகளோடு வேறு ஏதோ முகாமில் என்றால், அவளும் தனித்து நின்ற தாய்தானே? நம் ஊர் நடுவே இருந்த அந்த இடத்தைக் கடந்து சந்தைக்குப் போனோம், வந்தோம். அங்கே யாரைப் பார்க்க யார் வந்து நிற்கிறார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை.

மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே போனால், புதுச்சேரிக்கு முன்னால் கீழ்புதுப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு போகிறோம். அதே ஊரில்தான் ஈழத்தமிழர் முகாம். போரில் கணவனை இழந்து வந்து, சின்ன அறையில் பிள்ளைகளை வளர்த்து, பணக்கொடையையும் கூலியையும் வைத்துக் காலம் தள்ளிய பெண்கள் அங்கேயும், மாநிலத்தின் 100-க்கு மேற்பட்ட முகாம்களிலும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில், இலங்கையின் நெருக்கடியில் பால்மாவுக்கே வழியில்லாமல், தாய்மார் கைக்குழந்தையோடு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். உலகத்தையே வரவேற்கக் கோலமிட்ட நாம், அந்தத் தாய்மாரை ஒரு நாள் செய்தியாகப் படித்து முடித்தோம்.

இன்னும் நேரம் போய்விடவில்லை. முகாம்களில் புது வீடுகள் எழும்புகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகள் பட்டம் படித்து வேலை தேடுகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வருகிற தாயிடம் பேச்சை வைத்து ஊரைத் தேடாமல் சாவியைக் கொடுக்கலாம். ஈசிஆர் விடுதிகளிலும் மறைமலைநகர்த் தொழிற்கூடங்களிலும் ஆள் எடுக்கிற இடத்தில் நம்மில் பலர் இருக்கிறோம். முகாம் முகவரியைக் கண்டதும் விண்ணப்பத்தை ஒதுக்காமல் இருக்கலாம், எல்லோருக்கும் கொடுக்கிற கூலியையே கொடுக்கலாம். பிறந்தநாளுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், அங்கே தைக்கிற பெண்ணிடம் வருஷம் முழுக்கத் துணி தைக்கக் கொடுக்கலாம். பங்கர் வெட்டிப் பிள்ளைகளைக் காத்த அம்மாக்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. அவர்கள் சொல்ல விரும்பினால், உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கலாம். இதில் எதற்கும் யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. அடுத்த முறை கீழ்புதுப்பட்டுக்குப் போகும்போது கோயிலோடு திரும்பிவிடாமல், முகாமுக்கும் போய் அவளிடம் கேட்போம்: “அக்கா, நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க என்ன பண்றாங்க?”